டைப் அக்காவும் என் இரண்டாம் அத்தியாயமும்

பக்க எண் போடாத தாளை டைப் அக்கா தொடமாட்டார். தாள்கட்டை நீட்டியதும் அவர் கண் முதலில் கீழ் ஓரத்துக்குத்தான் போகும். எண் இல்லையென்றால் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெளியே பெஞ்சு இருக்கு. உக்காந்து ஒண்ணுலேருந்து போட்டுக் கொண்டாங்க" என்பார். எங்கள் துறைத்தலைவரே ஒருமுறை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நூற்றுப்பன்னிரண்டு பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டு வந்தார். இந்தப் பிடிவாதம் எதற்கென்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்க்க முடியாதவனாகிவிட்டேன்.

அவருடைய கடை பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்தது. ஒரே அறை, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்பாதியில் அக்காவின் கணினியும் அச்சு இயந்திரமும் பைண்டிங் சாமானும். பின்பாதியில் அவர் கணவர் மின்விசிறி பழுதுபார்ப்பார். அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் மாணவர்கள் எல்லாருக்கும் அவர் மாமா. மாமா பேசமாட்டார். அவருக்குப் பதிலாக அவர் சரிசெய்த விசிறிகள் நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருக்கும்.

அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவர். டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, அரசு வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டுக் கைசலித்து, கல்யாணமான கையோடு இந்தக் கடையைத் திறந்தார். பத்தொன்பது வருடத்தில் நானூறு ஆய்வேடுகளுக்கு மேல் அவர் கைவழியாகப் போயிருக்கின்றன. டைப் அடிப்பவர்கள் படிப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அக்கா படிப்பார். அடிக்க அடிக்க உதடு அசையும். நடுவில் நிறுத்திவிட்டு, "இவரு முன்னுரையில ஒண்ணு சொல்றாரு, முடிவுரையில வேற சொல்றாரு. நடுவுல யாரைப் பாத்துட்டு வந்தாரோ" என்பார். ஆய்வேடுகளில் அவருக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டென்றால் அது இரண்டாம் அத்தியாயம். கோட்பாட்டுப் பின்னணி. "ஆளுங்க பேசுற அத்தியாயம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு தம்பி. இந்தப் பின்னணி மட்டும் எல்லாத்துலயும் ஒரே மூஞ்சி" என்பார். நான் சிரிப்பேன். அது என்னையும் சேர்த்துத்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

நான் அப்போது துறையில் தற்காலிக விரிவுரையாளர். ஒரு நிரந்தர இடம் காலியாகவிருந்தது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் கையிலிருந்தால் இடம் எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. என் வயது நாற்பத்தொன்று. வீட்டில் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையில் கேள்விகூட மிச்சமில்லாமல் போயிருந்த காலம் அது.

ஆய்வு என்னவோ நல்ல ஆய்வுதான். எங்கள் ஊர் எல்லையில் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை போன பதினான்கு பேரைத் தேடிப்போய் நேரில் உட்கார்ந்து பேசவைத்தேன். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், தெருவுக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி. புள்ளிவிவரம் கிடையாது, கணக்கு கிடையாது. அவர்கள் பேச்சும் நான் கேட்பதும்தான். ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதத்தில் நான் உண்மையானவனாக இருந்தேன் என்பதை மட்டும் யார் முன்னாலும் சொல்வேன்.

அவர்களில் எட்டாம் எண்காரர் உலைக்காரர். கண்ணாடி உருகும் உலையை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவர். எங்கள் வழக்கப்படி பெயரை மறைத்து எண் மட்டும் போடுவோம். அவர் சொன்னது இது:

"வேலை போன அன்னிக்கே வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன் சார். துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. கையில ஈரத்துணியோட அப்படியே நின்னா. அப்புறம், 'சரி, நாளைக்கும் அதே நேரத்துக்குக் கிளம்புங்க, தெருவுக்குத் தெரிய வேணாம்'னா. டப்பாவும் கட்டிக் குடுத்தா. நான் போய்ப் பார்க்குல உக்காருவேன். மத்தியானம் அவளும் கடைக்குப் போற மாதிரி கிளம்பி அங்க வந்துடுவா. அஞ்சு மாசம் ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிட்டோம் சார். கல்யாணமான புதுசுலகூட நாங்க அப்படி உக்காந்து பேசினதில்ல."

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையையும் அக்காதான் செய்தார். இந்த இடம் வந்தபோது நான் கடையில் இருந்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டார். "டைப் அடிக்கிறதுக்குத்தான்" என்று என்னிடம் காரணம் வேறு சொன்னார்.

இந்தப் பேட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டினார்.

"எல்லாம் சரி. ஆளுங்க பேசியிருக்காங்க. நீங்க எங்க? எந்தக் கோட்பாட்டை வச்சு இதைப் பாக்குறீங்க? பின்னணி இல்லாம குடுத்தா இது வெறும் கதைங்க."

வெறும் கதை. அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. கோட்பாடு என்றால் எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே பயம். பிறர் எழுதிய கனமான வாக்கியங்களைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடினால் ஒன்றும் இருக்காது. முறையாகச் செய்வதென்றால் மூலநூலைத் தேடிப் படித்து, அது என் பேட்டிகளோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று மாதக்கணக்கில் யோசித்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. நூலகத்தின் மூன்றாம் மாடிக்குப் போனேன். பழைய ஆய்வேடுகள் அடுக்கியிருந்த அலமாரியில், என் பொருளுக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை எடுத்தேன். அதில் ஒரு வெளிநாட்டு அறிஞரின் நான்கு படிகள் அழகாக விளக்கப்பட்டிருந்தன. வேலையை இழப்பவன் கடந்துபோகும் நான்கு படிகள்: இழப்பு, மறைத்தல், சொல்லுதல், மீளுதல். முதலில் இழக்கிறான், பிறகு மறைக்கிறான், பிறகு நெருங்கியவரிடம் சொல்கிறான், பிறகு மீள்கிறான். படித்ததும், இதற்கு எதற்கு ஒரு அறிஞர், யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியது. அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

மூன்று பிற்பகல்களில் என் இரண்டாம் அத்தியாயம் தயார். வாக்கியங்களைத் திருப்பிப்போட்டேன். "கூறுகிறார்" என்பதை "முன்வைக்கிறார்" ஆக்கினேன். அடியில் மூலநூலின் பெயரையும் பக்க எண்ணையும் அந்த ஆய்வேட்டிலிருந்தே எடுத்து, நானே படித்தது போல் எழுதினேன். அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

பிரச்சினை நான்காம் அத்தியாயத்தில் வந்தது. பேட்டிகளை அந்த நான்கு படிகளில் பொருத்த வேண்டும். பொருந்தவில்லை. பதினான்கு பேரில் பதினொரு பேர் அன்றைக்கே மனைவியிடமோ அம்மாவிடமோ சொல்லியிருந்தார்கள். மறைத்ததெல்லாம் அதற்குப் பிறகு, இருவரும் சேர்ந்து. கோட்பாடு ஒரு பக்கம் இழுத்தது, ஆட்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். இந்த இடத்தில்தான் ஒரு ஆராய்ச்சியாளன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பது தப்பாக இருக்காது, இவர்கள்தான் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் என்று முடிவுகட்டினேன். ஏழு மாதம் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தவன்.

பிறகு கத்திரி வேலை. ஒருவருடைய "அன்னிக்கே" போயிற்று. இன்னொருவருடைய "நாங்க" "நான்" ஆயிற்று. உலைக்காரரின் பேட்டியில் ஈரத்துணி போயிற்று, மனைவி சொன்னது போயிற்று, பார்க்கில் சாப்பிட்டது போயிற்று. மிஞ்சியது ஒரே வரி: "தினமும் அதே நேரத்துக்கு டப்பாவோட கிளம்புவேன், அஞ்சு மாசம்." அதற்கு மேல் நான் எழுதிய விளக்கம்: மனைவியிடம்கூட உண்மையைச் சொல்ல இயலாத நிலையை எட்டாம் பங்கேற்பாளரிடம் காண்கிறோம். மனைவியோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட மனிதரை, மனைவியை ஐந்து மாதம் ஏமாற்றிய மனிதராக ஆக்கினேன். எழுதும்போது எனக்குச் சுருக்கென்று தைத்தது உண்மை. தைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனதும் உண்மை.

சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தது. நான்காம் அத்தியாயத்தை அடித்து முடித்த அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது கடையில் வேறு யாருமில்லை. மாமாவின் விசிறிகளைக்கூட நிறுத்தச் சொல்லியிருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"உங்க ரெண்டாவது அத்தியாயத்துல நாலு படி வருதில்ல? அதுல ரெண்டாவதும் மூணாவதும் இடம் மாறியிருக்கு. முதல்ல வரவேண்டியது சொல்லுதல், அப்புறம்தான் மறைத்தல்."

"புத்தகத்துல நான் எழுதின வரிசைதானேக்கா இருக்கு."

"புத்தகத்தை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே" என்றேன், வாய் கூசாமல்.

அக்கா என் பொய்யைக் கண்டுகொண்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல மெல்லச் சொன்னார்.

கடை திறந்த முதல் வருடம். உயரமான ஒரு மாணவர், மூலநூலை வெளியூர் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, கையாலேயே முழு அத்தியாயமும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பக்க எண் இல்லை. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தனித்தாளில். ஒவ்வொரு தாளும் "அடுத்ததாக" என்றுதான் தொடங்கும். அக்கா பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது, மாமா பின்னால் ஒரு பெரிய விசிறியைச் சரிசெய்து, ஓடுகிறதா என்று பார்க்க முழு வேகத்தில் போட்டிருக்கிறார். மேசையிலிருந்த தாளெல்லாம் கடை முழுக்கப் பறந்தது. அக்கா பொறுக்கி அடுக்கினார். இரண்டு தாள் இடம் மாறிவிட்டது. படித்துப் பார்த்தால் உறுத்தவில்லை. அப்படியும் சரியாகத்தான் இருந்தது.

"குடுத்த மறுநாள் அவரு வந்தாரு. 'அக்கா, ரெண்டு பக்கம் மாறிப்போச்சு, பரவாயில்ல, யாரு படிக்கப்போறா'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. எனக்குத்தான் சாப்பாடு இறங்கல. அப்புறம் நாலு வருஷம் கழிச்சு ஒரு பொண்ணு கொண்டுவந்தா. அதே நாலு படி, அதே மாறின வரிசை. அப்புறம் ஒருத்தர், அப்புறம் ஒருத்தர். மூணாவதா வந்தவர்கிட்ட சொல்லிப்பாத்தேன். 'பெரிய அறிஞரையே திருத்துறீங்களாக்கா'ன்னு கேலி பண்ணாரு. அதோட வாயை மூடிக்கிட்டேன். நீங்க பதினோராவது ஆளு."

காது சூடாகிவிட்டது.

"இத்தனை நாளும் சும்மா இருந்துட்டேன் தம்பி. ஆனா உங்க பேட்டியெல்லாம் காதுல கேட்டேன்ல. முக்காவாசிப் பேர் முதல்ல வீட்டுல சொல்லியிருக்காங்க. அப்புறம்தான் மறைச்சிருக்காங்க. அந்த அறிஞர் சொன்ன மாதிரியே. என் தப்பாலதானே நீங்க அவங்க பேச்சையெல்லாம் வெட்ட வேண்டியதாப் போச்சு? அந்த உலைக்கார அண்ணன் பேச்சையெல்லாம் எடுத்துட்டீங்களே. எனக்கு மனசே ஆறல."

யோசித்துப் பாருங்கள். என் பதினான்கு பேரும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ இருக்கும் ஒரு அறிஞரும் அதே உண்மையைச் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு மின்விசிறிக் காற்று. அந்தக் காற்றுக்கு ஏற்றபடி உயிருள்ள மனிதர்களை வெட்டித் தைத்த மேதாவி நான். புத்தகத்தை ஒரே ஒருமுறை திறந்திருந்தால் போதும். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு அந்த அம்மாள் என் எதிரில் கைபிசைந்துகொண்டிருந்தார்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது இது:

"இப்ப மாத்தினா நாலாவது அத்தியாயத்தையே முதல்லேருந்து எழுதணும்க்கா. ஒன்பது நாள்ல ஆகாது. இந்த வருஷம் போனா வேலையும் போயிடும். அந்தப் புத்தகத்தை இங்க எவனும் பாத்ததில்ல. விட்டுடுங்க."

அக்கா மேசைமேலிருந்த என் தாள்களைத் தட்டி அடுக்கினார். பிறகு, "சரி தம்பி, உங்களுக்குத் தெரியாததா" என்றார். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். நானூறு ஆய்வேடு அடித்தவர் ஒரு தேர்வைக்கூடப் பார்த்ததில்லை என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரம் தேடுவது போல் அவரை நானே அழைத்தேன். கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, நல்ல புடவை உடுத்தி, கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் பேசும்போது ஒவ்வொரு பக்கம் திரும்புவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அடித்த பக்கங்கள்தானே.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு வயதான பேராசிரியை. குரலை உயர்த்தாதவர். எல்லாம் முடிகிற நேரத்தில் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சை அட்டை. அந்த அட்டையின் நிறத்தை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

"நீங்க குறிப்பிட்ட பக்கத்தைப் பாத்தேன். இதுல முதல்ல சொல்லுதல், அப்புறம் மறைத்தல்னு இருக்கு. மறைக்கிறதே ரெண்டு பேர் சேர்ந்து செய்யுற வேலைங்கறதுதான் இந்த நூலாசிரியரோட வாதமே. உங்க வரிசை எங்கேருந்து வந்தது?"

என் நெறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு நிரந்தர இடம் தெரிந்தது, மனைவி முகம் தெரிந்தது, மூன்றாம் மாடி அலமாரி தெரிந்தது. நாக்கு தானாகப் புரண்டது.

"அது... டைப்பிங்ல பக்கம் மாறிடுச்சு மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வரிசை ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஆமாங்கம்மா" என்றார் அக்கா. "அந்தப் பக்கத்தை மாத்தி அடுக்கினது நான்தான். மன்னிச்சுக்கோங்க."

நெறியாளர் கிடைத்த கொம்பைப் பிடித்துக்கொண்டார். "டைப்பிங் கோளாறுதான் மேடம், திருத்திடுவாங்க, இந்தக் கடைக்காரங்களோட இதே ரோதனை" என்று கடகடவென்று பேசினார். பேராசிரியை அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"சரி. வரிசையைத் திருத்துங்க. திருத்தின பிறகு நாலாவது அத்தியாயம் நிக்குதான்னும் நீங்களே பாத்துக்கோங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் மனசாட்சிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைச் சொல்ல இப்போதும் உடம்பு கூனிப்போகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் வரிசையைத் திருத்தினேன். நான்காம் அத்தியாயத்தில் ஒரு வார்த்தையையும் தொடாமல், கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: இருப்பினும், நம் களத்தில் இவ்வரிசை தலைகீழாகக் காணப்படுகிறது; மறைத்தலே முந்துகிறது. நெறியாளர் படித்துவிட்டு முதுகில் தட்டினார். "இதுதாங்க உங்க ஆய்வோட புதுக் கண்டுபிடிப்பே!" பட்டம் வந்தது. இடம் நிரந்தரமானது. வீட்டில் மனைவி இனிப்பு வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள், நானும் தின்றேன்.

அந்தத் திருத்தத்தை அடித்துக் கொடுத்ததும் அக்காதான். "இருப்பினும்" என்ற பத்தி வந்தபோது கை நின்றது.

"அந்த அண்ணன் சொன்னதைத் திரும்பச் சேர்க்கலையா தம்பி?"

"இல்லக்கா. இது போதும்."

"பக்கம் மாறினது என் தப்பு. அதை எங்க வேணா எழுந்து சொல்லுவேன்" என்றார், திரையைப் பார்த்தபடி. "இதை அப்படிச் சொல்ல முடியாது தம்பி."

பிறகு அடித்து முடித்தார்.

அடுத்த மாதம் நெறியாளர் துறைக் கூட்டத்தில், பின்வாசல் கடையில் யாரும் ஆய்வேடு கொடுக்காதீர்கள், பக்கம் மாற்றிவிடுகிறார்கள் என்று சொன்னார். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. ஆய்வேடுகள் வருவது நின்றது. அக்கா விண்ணப்பப் படிவங்களும் வாடகை ஒப்பந்தங்களும் அடிக்கத் தொடங்கினார். நான் பின்வாசலை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன். சுற்று வழிதான். கேட்பவர்களிடம் நடைப்பயிற்சி என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம், முன்வாசலில் சாலை தோண்டிப் போட்டிருந்ததால் வேறு வழியில்லாமல் பின்பக்கம் வந்தேன். தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டும்போது, "சார்! சார்!" என்று ஒரு குரல். உலைக்காரர். கடைக்குள் நின்று கையாட்டினார். பக்கத்தில் அவர் மனைவி. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பைண்டு செய்த ஒரு மெல்லிய புத்தகத்தை நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். விரல் வரிக்கு வரி நகர்ந்தது.

ஆய்வேடு இவர் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். மனைவியை ஏமாற்றியவர் என்ற வரியை அந்த மனைவியே படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"உள்ள வாங்க சார். ரொம்ப நாளா இவ கேட்டுக்கிட்டே இருந்தா, நம்மளைப் பத்தி எழுதினதைப் பாக்கணும்னு. காலேஜுல கேட்டா, கடையில கேளுங்கன்னாங்க. இந்த அம்மா உடனே அச்செடுத்துக் குடுத்துட்டாங்க."

உலைக்காரரின் மனைவி நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"நான் துணி காயப்போட்டதைக்கூட எழுதியிருக்கீங்களே தம்பி. பார்க்கு, டப்பா, எல்லாம். எங்க பசங்களுக்கே இது தெரியாது. ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதியிருக்கீங்க."

அவர் கையிலிருந்தது என் ஆய்வேடு இல்லை. அக்கா காதில் கேட்டு அடித்த பேட்டி. வெட்டாதது. முழுசாக, பதினேழு பக்கம். அட்டைபோட்டு, தைத்து, ஓரம் வெட்டிக் கொடுத்திருந்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை. "சார் எடுத்த பேட்டிதாங்க" என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்.

உலைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உலைக்கு முன்னால் இருபத்தாறு வருடம் நின்ற கை, தோல் தடித்துச் சொரசொரவென்றிருந்தது. இது நான் எழுதியதில்லை, நான் எழுதியது வேறு, அதில் உங்களைப் பற்றி இப்படி இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது. அவருக்காக மூடிக்கொண்டேன் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். இல்லை, எனக்காகத்தான்.

"முதல் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி. எழுதினவங்க கையெழுத்து இருந்தா பசங்களுக்குக் காட்ட நல்லா இருக்கும்" என்றார் அந்த அம்மாள்.

என் பையில் பேனா இல்லை. அக்கா தன் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.